எட்டு வருகிறது, ஏற்றம் வரவில்லை: சேலத்தில் டெஸ்டுக்குத் தயாராகிறவர்களுக்கு

கோரிமேடு மாஸ்டர்

வணக்கம். சேலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பல வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். பைக், ஸ்கூட்டருக்கும் ஆள் வருவதுண்டு. இன்னொரு இழையில் ஒரு தம்பி, "மாஸ்டருங்க எல்லாம் டெஸ்டுக்கு வேண்டியதை மட்டும் காட்டிட்டு அனுப்பிடறாங்க" என்று திட்டியிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

அவர் திட்டியதில் பாதி நியாயம். மீதிப் பாதி சேர வருகிறவர்கள் பக்கம் இருக்கிறது. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "லைசன்ஸ் எப்போங்க கைக்கு வரும்?" எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அந்த இடைவெளியே ஓட்டிப் பழகத்தான். நிறையப் பேர் அதில் முக்கால்வாசியைச் சும்மா விட்டுவிட்டு, டெஸ்ட் தேதி போட்ட பிறகு வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் கார் பயிற்சிக்குக் குறைந்தது 21 நாள், அதில் வண்டியை ஓட்டும் நேரம் மட்டுமே 10 மணி என்று இருக்கிறது. தினம் அரை மணி ஓட்டினால் கணக்கு சரியாக வரும். காலையில் ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஒருத்தர் ஓட்ட மற்ற இருவர் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதை அந்த 10 மணியில் சேர்க்கக் கூடாது. சேரும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடமாட்டேன். ஆள் இல்லாத சமதளத்தில் முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை மட்டும் நூல் நூலாக விடச் சொல்வேன். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் தாழும், ஸ்டியரிங்கில் லேசாக ஒரு நடுக்கம் வரும், வண்டி தானாக நகரும். அங்கேயே காலை நிறுத்து, மறுபடி மிதி, மறுபடி விடு. முழு வகுப்பும் இதுதான். "இதுக்கா காசு கட்டினோம்" என்று முகம் போகும். போகட்டும். என்னைக் கேட்டால் டெஸ்டில் தோற்கிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது ஸ்டியரிங்கில் இல்லை, இடது காலில்.

அதே மத்திய விதிகளில் விதி 15-ஐ எடுத்துப் பாருங்கள். டெஸ்டில் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். இறக்கத்தில் சட்டென்று கீழ்க் கியருக்கு வர வேண்டும். முன்னும் பின்னும் எடுத்து வண்டியைத் திருப்ப வேண்டும். சிக்னல் போடுவதற்கு முன்னால் கண்ணாடி பார்க்க வேண்டும். எல்லாமே இருக்கிறது. நடப்பில் சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, ரிவர்ஸ் எடுத்துக் காட்டினால் பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. கூப்பிடு தூரத்தில் ஏற்காடு மலையை வைத்துக்கொண்டு, ஏற்றத்தில் வண்டி எடுக்கத் தெரியாதவன் கையில் லைசன்ஸ் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ராத்திரிதான் பதில் எழுத முடியும்.

மூக்கனேரிக்காரன்

மாஸ்டர், வீட்டுக்காரிக்காகக் கேட்கிறேன். கன்னங்குறிச்சி ரோட்டில் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். அஸ்தம்பட்டி சிக்னலில் பச்சை விழுந்து, பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தால் போதும், வண்டி ஆஃப். மறுபடி ஸ்டார்ட் பண்ணுவதற்குள் சிவப்பு விழுந்துவிடுகிறது. நேற்று அழுதே விட்டாள். அடுத்த மாதம் டெஸ்ட்.

கோரிமேடு மாஸ்டர்

நீங்கள் அப்போது பக்கத்து சீட்டில் இருந்தீர்களா? இருந்தீர்கள் என்றால் முதலில் நீங்கள் இறங்கிக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாக ஓட்டுகிறவர்களுக்கும் கால் நடுங்கும். எல்.எல்.ஆர். மட்டும் இருக்கும்போது லைசன்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அதனால் இந்த ஒரு மாதத்துக்குப் பிரேக் பெடல் மாஸ்டர் பக்கமும் இருக்கிற டூயல் கன்ட்ரோல் வண்டியிலேயே போகட்டும்.

ஹாரன் அடித்ததும் அவர் கிளட்சை மொத்தமாக விட்டுவிடுகிறார். நடப்பது அவ்வளவுதான். இதற்கு மருந்து சிக்னலில் கிடைக்காது, மேட்டில்தான் கிடைக்கும். காலை 6 மணிக்கு ஏற்காடு ரோட்டில் அடிவாரம் பக்கம் போனால், செக்போஸ்ட்டுக்கு முன்பாகவே சாலை மெல்ல ஏறும். ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கை எடுத்துவிடுங்கள். வண்டி நிற்கிறதா? சரி. முதல் கியர். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கிளட்சை நூல் நூலாக விடுங்கள். பானெட்டின் மூக்கு ஒரு விரல் கனம் மேலே தூக்கும். இன்ஜின் சத்தம் கனக்கும். இரண்டு காலையும் அசைக்காமல் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் போகாது, அங்கேயே நிற்கும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் முகத்தில் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன்.

அப்புறம் எந்த பஸ் ஹாரன் அடித்தாலும், மேட்டிலேயே எடுத்தவளுக்கு அஸ்தம்பட்டி என்ன பெரிது.

ஒன்று விட்டுப்போனது. செருப்பைப் பாருங்கள். தடித்த அடி வைத்த செருப்பு போட்டால் பெடல் எங்கே இருக்கிறது என்றே காலுக்குத் தெரியாது. பின்பட்டி உள்ள மெல்லிய செருப்பு, இல்லையென்றால் ஷூ.

அம்மாப்பேட்டைத் தறி

பைக்குக்கு வருவோம் மாஸ்டர். எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிட்டேன், ஃபெயில். வீட்டு வாசலில் செங்கல் வைத்துப் போட்டால் அழகாக வருகிறது. அங்கே போனால் வரவில்லை. ஃபெயில் ஆனால் மறுபடி எப்போது போகலாம்?

கோரிமேடு மாஸ்டர்

7 நாள் கழித்துப் போகலாம். மூன்று தடவையும் ஃபெயில் ஆகிவிட்டால் கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஆத்திரத்தில் அடுத்தடுத்துத் தேதி போடாதீர்கள்.

வாசலில் வந்து அங்கே வராததற்குக் காரணம் கண். வாசலில் போடும்போது கோட்டைப் பார்க்க மாட்டீர்கள், பழகிய இடம். அங்கே டெஸ்ட் எடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் நிற்கிறார் என்றதும் கண் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன்சக்கரத்தைப் பார்த்தால் வண்டி விழும். எட்டின் முதல் வளையத்தில் பாதி வரும்போதே தலை அடுத்த வளையத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முதல் கியர், ஆக்ஸிலரேட்டர் ஒரே அளவு, வேகத்தைக் கிளட்சால் கூட்டிக் குறையுங்கள். முன் பிரேக்கில் விரலே வைக்க வேண்டாம். ஹேண்டில் முழுதாகத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அங்கேயே படுத்துவிடும். பின் பிரேக்கில் பாதத்தை லேசாகத் தடவினால் போதும்.

ஹெல்மெட்டோடு பழகுங்கள். ஹெல்மெட் இல்லாமல் வாசலில் பழகிவிட்டு, டெஸ்டன்று முதல்முறையாக மாட்டிக்கொண்டு போனால் கழுத்துத் திரும்பாது.

உங்கள் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. கைத்தறி நெய்கிற ஒரு பெரியவர் என்னிடம் கார் கற்க வந்தார். கிளட்ச் என்றால் என்ன என்று நான் விளக்குவதற்குள் அவர் காலுக்குப் புரிந்துவிட்டது. வருடக்கணக்காகக் கால்மிதியை மாற்றி மாற்றி மிதித்த கால். படித்தவர்களுக்கு வாரம் பிடிக்கிறது, அவர் அன்றைக்கே எடுத்தார். ஸ்டியரிங்தான் அவருக்குத் தகராறு.

அம்மாப்பேட்டைத் தறி

எங்கள் தாத்தாவும் கைத்தறிதான் மாஸ்டர். எனக்குத்தான் அந்தக் கால் வரவில்லை போல. இப்போது ஓட்டுவது விசைத்தறி. 🙂

காப்பித் தோட்டம்

நான் ஏற்காட்டுக்காரன். மாஸ்டர் சொன்ன மேட்டுப் பயிற்சிக்கு ஒரு கும்பிடு. ஆனால் அடிவாரத்தோடு நிறுத்தினால் போதாது. சனி, ஞாயிறு எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பாருங்கள். கொண்டை ஊசி வளைவு மொத்தம் 20. கீழே இறங்குகிற கார்களில் பாதிக்குப் பிரேக் கருகுகிற வாசனை அடிக்கும். எல்லாம் லைசன்ஸ் வாங்கினவர்கள்தான். நியூட்ரலில் போட்டு, பெட்ரோல் மிச்சம் என்று இறங்குகிறவனைக்கூடப் பார்த்திருக்கிறேன். மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பஸ் ஏறி வரும்போது வளைவுக்கு நடுவில் போய் மூக்கை நுழைப்பார்கள். பஸ் அந்த வளைவு முழுவதையும் எடுத்தால்தான் திரும்ப முடியும். அப்புறம் பஸ்ஸும் நகராது, இவரும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முழிப்பார். பின்னால் வரிசை கட்டி நிற்கும். கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம்.

ஏன் மாஸ்டர், எல்.எல்.ஆர். இருக்கும்போதே ஒரு தடவை மேலே கூட்டிக்கொண்டு வரக்கூடாதா? ஏற்காடு ஏறி இறங்காதவனுக்குச் சேலத்தில் லைசன்ஸ் தரக் கூடாது என்பது என் கட்சி.

கோரிமேடு மாஸ்டர்

உங்கள் கட்சியில் நான் பாதி உறுப்பினர்.

டெஸ்டுக்கு முன்னால் மேலே கூட்டிப் போவதில்லை. டெஸ்டுக்குத் தயாராகிறவர் இன்னும் கியரை யோசித்துத்தான் போடுகிறார். வளைவில் கியரை யோசிப்பாரா, ஸ்டியரிங்கை யோசிப்பாரா, எதிரே வருகிற பஸ்ஸையா? மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் கையை எடுத்துவிடுவார். பிரேக் என் காலில் இருக்கிறது, உண்மை. ஸ்டியரிங் அவர் கையில்தானே இருக்கிறது. பள்ளத்துப் பக்கம் எந்தத் தைரியமும் காட்ட எனக்கு விருப்பமில்லை.

லைசன்ஸ் வந்த பிறகு, வாரநாளில், விடியற்காலையில் ஒரு தடவை என்னோடு வாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். வருகிறவர்கள் கொஞ்சம் பேர். வந்தவர்கள் அதற்கப்புறம் குடும்பத்தோடு போகும்போது போன் பண்ணிச் சொல்வார்கள்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதோடு சேர்த்துக்கொள்ளச் சில விஷயங்கள். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது. ஏற்காட்டில் பெரும்பாலும் இரண்டாவது. அப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேடும் டிஸ்க்கும் சூடேறி, பிடிமானம் குறைந்துகொண்டே போகும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயிலே கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். நன்றாக மிதி, வேகம் குறைந்ததும் விடு, ஆறட்டும், மறுபடி மிதி. வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தி ஆற விடுங்கள். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

நியூட்ரல்காரரை விட மோசமானவர் ஒருத்தர் உண்டு: இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறவர். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சும் காற்றழுத்தம் கிடையாது. இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போச்சு. அதோடு கொண்டை ஊசியில் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொலுசுப் பட்டறை அக்கா

நான் 40 வயதுக்கு மேலே கற்றுக்கொண்டவள். வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. வெள்ளி வாங்க, செய்ததைக் கொடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்கு அலைய வேண்டும். ஸ்கூட்டரில் வெள்ளியோடு போவது பயம், அதனால் கார். 40 தாண்டினால் டாக்டரிடம் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்று வாங்கி வர வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லை. கவுன்ட்டர் வரை போய்த் திரும்பினேன். என்னைப் போல வயதில் கற்பவர்கள் அதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) மாஸ்டர் ஸ்டியரிங்கை விடவே மாட்டார். நான் திருப்புவேன், அவர் பக்கத்திலிருந்து கையை நீட்டித் திருப்புவார். வகுப்பெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஓட்டியது அவர், நான் ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தேன். "வீட்ல சார் ஓட்ட மாட்டாருங்களா?" என்று வேறு கேட்டார். சார் ஓட்டினால் நான் ஏன் வருகிறேன்?

வேறு இடத்துக்கு மாறினேன். அங்கே ஒரு பெண் கற்றுத் தந்தார். லீ பஜார் லாரிகளுக்கு நடுவில் விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவரைச் சபித்தேன். இன்று வீட்டுக்கு மாம்பழம் வந்தால் அவருக்குத்தான் முதல் கூடை.

கோரிமேடு மாஸ்டர்

அக்கா, கையை நீட்டித் திருப்புவது எங்கள் தொழிலின் வியாதி. சைக்கிள், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வந்தால் கை தானாகப் போகும். அதைச் சாக்காக வைத்து எப்போதும் பிடித்துக்கொண்டே இருப்பது சோம்பேறித்தனம். கற்றுக்கொள்கிறவர்கள் தைரியமாகச் சொல்லுங்கள்: "மாஸ்டர், கையை எடுங்க, நான் திருப்பறேன்." அப்படிச் சொன்னதற்கு முகம் சுளிக்கிறவரிடம் கற்க வேண்டாம்.

நாலு ரோடு நக்கல்

எல்லாம் சரி. ஸ்கூல் வழியாகக் காசு கொடுத்தால் எட்டும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம் என்கிறார்களே. இத்தனை பாடம் எதற்கு?

கோரிமேடு மாஸ்டர்

வருவீர்கள் என்று தெரியும்.

மத்திய விதிப்படி கட்டணம் இதுதான்: எல்.எல்.ஆர். ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50, ஓட்டும் டெஸ்ட் ஒரு வகைக்கு 300, லைசன்ஸ் 200. இதன் மேல் சேவைக் கட்டணம் கொஞ்சம் வரும். சாரதி என்கிற அரசு இணையதளத்தில் நீங்களே கட்டிக்கொள்ளலாம், ரசீது வரும். ஸ்கூலில் இதற்கு மேல் கேட்டால், பயிற்சிக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

காசில் வாங்குகிறவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படி வாங்கினவர்களில் சிலர் பிறகு என்னிடம் வந்து, "லைசன்ஸ் இருக்குங்க, ஓட்டத்தான் தெரியாது" என்று மறுபடி காசு கட்டுவார்கள். எனக்கு இரட்டை வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீலநாயக்கன்பட்டி பைபாஸ்

2024 ஜூன் 1 முதல் ஆர்.டி.ஓ. டெஸ்டே கிடையாது, டிரைவிங் ஸ்கூலிலேயே லைசன்ஸ் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே? எங்கள் மாமா அதை நம்பி இன்னும் காத்திருக்கிறார்.

மூக்கனேரிக்காரன்

மாமாவை எழுப்பிவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு வகை 2021-லேயே விதியில் வந்தது. அதில் முழுப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால் டெஸ்டிலிருந்து விலக்கு. அதற்குப் பெரிய இடம், டிராக், சிமுலேட்டர் எல்லாம் வேண்டும். காருக்கே 4 வாரத்தில் 29 மணி நேரப் பாடம். தெருமுனை ஸ்கூலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஜூன் 1-க்குப் புதிதாக எந்த மாற்றமும் இல்லை என்று அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது.

சீலநாயக்கன்பட்டி பைபாஸ்

நன்றிங்க. இன்னொன்று. மாமா வாங்கியிருப்பது கியர் தானாக மாறுகிற ஏ.எம்.டி. வண்டி. கிளட்ச் பெடலே இல்லை. மாஸ்டர் சொன்ன இடது கால் பாடம் அவருக்கு வேண்டாம்தானே?

கோரிமேடு மாஸ்டர்

வேண்டாம் என்றுதான் அவர் நினைப்பார். கார் லைசன்ஸில் கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் என்று பிரிவு கிடையாது. நாளைக்கு மகன் வண்டியை எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வார்? இரண்டு சக்கரத்தில் அந்தப் பிரிவு உண்டு. ஸ்கூட்டரில் டெஸ்ட் கொடுத்தால் கியர் பைக் ஓட்ட முடியாது, கவனம்.

ஏ.எம்.டி. வண்டி மேட்டில் நிற்கும்போது பிரேக்கை எடுத்தால், மேட்டில் வண்டியைப் பிடித்து வைக்கிற ஹில் ஹோல்ட் இல்லாத மாடலில் பின்னால் உருளும். ஹேண்ட் பிரேக் பாடம் அவருக்கும் உண்டு. ஏற்காடு இறங்கும்போது 'டி'யில் விட்டால் வண்டி தானாக மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் பிடிக்காது. மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டில் வைத்து இறங்கச் சொல்லுங்கள். அந்த மோடு இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷோரூமில் பாட்டு போடுவது எப்படி என்று விளக்குவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

மூக்கனேரிக்காரன்

மாஸ்டர், ஒரு வார்த்தை. நான் இறங்கிக்கொண்டேன். டூயல் கன்ட்ரோல் வண்டியில் காலையில் அடிவாரம் போய் வருகிறாள். நேற்று அஸ்தம்பட்டியில் பஸ் ஹாரன் அடித்ததாம், கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு மெதுவாக எடுத்தாளாம். என்னிடம் சொல்லும்போது குரலே வேறு. டெஸ்டன்று நான் கூட வரட்டுமா?

கோரிமேடு மாஸ்டர்

வாருங்கள், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நில்லுங்கள். அவர் செய்ய வேண்டியது: உட்கார்ந்ததும் சீட்டைத் தனக்கு இழுத்து, மூன்று கண்ணாடியையும் தொட்டுச் சரிபார்த்து, பெல்ட் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் சாவி. இதைச் செய்யும்போதே இன்ஸ்பெக்டருக்குப் பாதி தெரிந்துவிடும். வண்டி ஆஃப் ஆனால் பதற வேண்டாம். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட், மறுபடி எடு. திரும்பும்போது கண்ணாடி, சிக்னல், அதன் பிறகு ஸ்டியரிங். இன்ஸ்பெக்டர் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லலாம், திரும்பி முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

ஒரிஜினல் எல்.எல்.ஆர்., ஆதார் எடுத்துப் போங்கள். வண்டியில் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெள்ளைச் சதுரம் பக்கத்துக்கு 18 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சின்ன ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

காப்பித் தோட்டம்

பாஸ் ஆனதும் உங்கள் வீட்டம்மாவை மேலே அனுப்புங்கள். அடிவாரம் வழி கூட்டமாக இருந்தால் குப்பனூர் வழியாக வரலாமா என்று கேட்பார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம். கூட்டம் குறைவுதான், சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். பனி இறங்கும் மாதங்களில் மதியத்துக்கு மேல் கிளம்பவும் வேண்டாம்.

மூக்கனேரிக்காரன்

டெஸ்ட் வியாழக்கிழமை. முடிந்ததும் இங்கேயே சொல்கிறேன்.